தூள் வறுக்கக்கூடிய குசினி

எங்கட ஆக்கள் வீடு வாங்கினாலும் சரி, இருக்கிற வீட்டைத் திருத்தினாலும் சரி, கதை குசினிக்கு வந்த உடனே ஒரு கேள்வி வரும்: “கீழேயும் ஒரு குசினி போடுறியளோ?”

கீழே என்றால் பேஸ்மென்ட். மேல் குசினியில் தேத்தண்ணி, பாண், பிள்ளைகளுக்குப் பாஸ்டா. மீன் பொரியல், கருவாடு, நண்டுக்கறி, தூள் வறுக்கிறது எல்லாம் கீழே. பேஸ்மென்ட் இல்லாத வீடுகளில் கராஜ். லண்டனில் இருக்கும் என் மச்சாள் வீட்டில் பின்வளவில் ஒரு கொட்டில். நாடு மாறினாலும் காரணம் ஒன்றுதான்: மணம்.

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் இருக்கும் எங்கட வீட்டுக் குசினியை இந்த வருடம் முழுதாகத் திருத்தினோம். அப்போது இந்தக் கேள்வியை இவரும் நானும் அம்மாவும் பல இரவுகள் பேசினோம். முடிவில் கீழே குசினி போடவில்லை. அந்தக் காசில் ஒரு சிறு பங்கை மேல் குசினியின் காற்றோட்டத்துக்குச் செலவழித்தோம். ஏன் அப்படிச் செய்தோம், எந்தச் சாமானைப் பார்த்து வாங்கினோம், எந்த ஒழுங்கில் பூட்டினோம் என்பதை இந்த முறை எழுதுகிறேன். உங்களில் சிலர் இதே யோசனையில் இருப்பீர்கள் என்று தெரியும்.

நான் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் வளர்ந்தவள். அடுப்புக்கு மேலே ஹூட் என்று ஒன்று இருந்தது. சரியான சத்தம் போடும். இழுத்த காற்றை ஒரு வலையால் வடித்து, திரும்ப எங்கட முகத்துக்கே ஊதும். அம்மா மீன் பொரிக்கிற நாட்களில் நான் என் பள்ளிக்கூட ஜக்கெட்டை அலுமாரிக்குள் வைத்து, கதவுக்குக் கீழே துவாயைச் சுருட்டி அடைப்பேன். அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. போன மாரியில் ஒரு பின்னேரம், அம்மம்மா செத்தல் மிளகாய்ப் பையை எடுக்கிறதைக் கண்ட என் எட்டு வயது மகள், பேசாமல் தன் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். அவளுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அம்மா அன்று வறுத்தது கராஜில். தை மாதம், வெளியே சைபருக்குக் கீழே 15 பாகை. ஒரு சின்ன மின் அடுப்பு, தாச்சி, தலையில் கம்பளித் தொப்பி. நான் போய் நின்றால், “நீ உள்ளுக்குப் போ பிள்ளை, தடிமன் பிடிக்கும்” என்பா. அவவுக்கு 68 வயது.

குசினி திருத்தப்போகிறோம் என்றதும் கீழே ஒன்று போடச் சொன்னதே அம்மாதான். “ஊரிலையும் குசினி தனியத்தானே இருந்தது. பின்னுக்கு, புகைக்கூடு வைச்சு. உதிலை என்ன குறை?” என்று கேட்டா. நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குசினி பெரிய வீட்டிலிருந்து விலகித்தான் இருக்கும். ஆனால் அந்தக் குசினியைப் பற்றி அம்மா சொல்லுகிற கதைகளில் ஒன்றிலும் அவ தனியே இல்லை. ஒரு ஆள் திருவலையில் தேங்காய் துருவும், இன்னொரு ஆள் வெங்காயம் உரிக்கும், கிணற்றடியிலிருந்து யாரோ கூப்பிட்டுக் கதைக்கும். எங்கட பேஸ்மென்டுக்குப் பதின்மூன்று படி. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதும், நாங்கள் வேலை முடிந்து வந்து இருப்பதும் மேலே. கீழே சமையல் போனால் அம்மாவும் கீழே போவா, மகள் சாப்பாட்டைச் சட்டியில் மட்டும்தான் காண்பாள்.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்டோம்: மேல் குசினியில் தூள் வறுக்க என்ன வேணும்?

மணம் எப்படி ஜக்கெட்டுக்குள் போகிறது

பொரிக்கும்போது எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் கிளம்புகிறது. மணம் அந்தத் துளிகளோடு சேர்ந்து போய் துணி, திரைச்சீலை, சோபா, சுவர் எல்லாவற்றிலும் படிகிறது. படிந்த பிறகு மெல்ல மெல்ல வெளியேறும். அடுத்த நாளும் வீடு மணப்பது அதனால்தான். மிளகாய் வறுத்தால் இருமல் வருவதும் இப்படித்தான்; காரம் தருகிற பொருளே காற்றில் மிதக்கிறது.

ஆகவே வாசனை மெழுகுதிரியும் ஜன்னலும் பிந்திய வைத்தியம். அடுப்புக்கு மேலேயே பிடித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடவேணும். பழைய புகைக்கூடு செய்ததும் அதைத்தான்.

“இண்டக்‌ஷன் போட்டால் ஹூட் தேவையில்லை” என்று சிலர் சொல்லுவார்கள். பாதி உண்மை. காஸ் அடுப்புச் சுவாலையிலிருந்து நைட்ரஜன் டையொக்சைட் வரும். அது மூச்சுக்குழாய்க்குக் கூடாது, இழுப்பு இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் கூடாது. இண்டக்‌ஷனில் அது இல்லை. ஆனால் எண்ணெய்ப்புகை வருவது சாப்பாட்டிலிருந்து. அது எந்த அடுப்பிலும் வரும்.

ஹூட் வாங்க முன்னம்

கடையில் முதலில் காட்டுவது சிஎஃப்எம் என்கிற எண். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்ற அளவு. இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இது மணித்தியாலத்துக்கு இத்தனை கன மீற்றர் என்று இருக்கும். 400 சிஎஃப்எம் ஏறத்தாழ 680 கன மீற்றர். 12 அடிக்கு 12 அடி, 8 அடி உயரமான ஒரு குசினிக்குள் 1,152 கன அடி காற்று இருக்கிறது. கணக்குப்படி 400 சிஎஃப்எம் ஹூட் அதை மூன்று நிமிடத்துக்குள் மாற்றிவிடும். அப்படியென்றால் 400 ஹூட் இருக்கிற வீடுகள் ஏன் மணக்கின்றன? எண் சரி, மற்றது பிழை. மற்றது என்று நான் சொல்லுவது ஐந்து விஷயம்.

முதலாவது, காற்று எங்கே போகிறது. வெளியே போகாமல் கரி வடிகட்டியால் திருப்பி விடுகிற ஹூட்டுகள் உண்டு. ஈரமும் சூடும் அப்படியே வீட்டுக்குள் நிற்கும், எண்ணெய்ப்புகையில் ஒரு பங்கு மட்டும் பிடிபடும். எங்கட சமையலுக்கு அது காணாது. அப்பார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்காரருக்கு வழி உண்டு.

இரண்டாவது, அகலமும் ஆழமும். அடுப்புக்கு மேலே பூட்டுகிற மைக்றோவேவ் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பெரும்பாலானவை முன்பக்க அடுப்புகளின் மேல் வந்து நிற்காது. முன் அடுப்பில் பொரித்தால் புகை அதன் முகத்துக்கு முன்னாலேயே ஏறிப்போகும். எங்கட அடுப்பு 30 அங்குலம். ஹூட் 36 அங்குலம் எடுத்தோம், பக்கத்துக்கு 3 அங்குலம் கூடுதலாக. ஆழம் 24 அங்குலம். இருக்கிற ஹூட்டையே வைத்திருப்பவர்கள் பின் அடுப்பில் பொரித்துப் பாருங்கோ, காசில்லாமல் வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, குழாய். இதைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. 6 அங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம். 8 அங்குலத்தின் வாய் 50. பெரிய ஹூட்டை வாங்கிச் சின்னக் குழாயில் பூட்டினால் சத்தம் மட்டும்தான் கூடும். ஒவ்வொரு வளைவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. நெளிநெளியான மடிப்புக் குழாய் வேண்டாம். உள்ளே எண்ணெய் தேங்கும். வழுவழுப்பான உலோகக் குழாய், முடிந்த அளவு நேராக, முடிந்த அளவு குறுகிய தூரத்தில்.

இதனால்தான் எங்கட குசினியின் படமே மாறியது. வரைந்து தந்தவர் அடுப்பை நடுவில் தீவில் வைத்து, புகையைக் கீழ்நோக்கி இழுக்கிற ஒன்றைப் போட்டிருந்தார். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஆவி மேலே போகிற சாமான். உயரமான இடியப்பச் சட்டியிலிருந்து கிளம்புகிற ஆவியைத் தீவின் மட்டத்திலிருந்து கீழே இழுப்பது கஷ்டம். அடுப்பை வெளிச்சுவரோடு வைத்தோம். ஹூட்டுக்குப் பின்னாலேயே சுவரைத் துளைத்து, 8 அங்குலக் குழாய், ஒரே ஒரு வளைவு.

நான்காவது, சத்தம். சத்தம் போடுகிற ஹூட்டை ஒருவரும் போடமாட்டார்கள். அம்மாவுக்கு அடுப்படியில் கதை கேட்கவேணும். பெட்டியில் “சோன்” என்று ஒரு எண் இருக்கும். 1 சோன் அமைதியான குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் அளவு. எண் இரண்டு மடங்கானால் காதுக்கும் இரண்டு மடங்கு. கூடிய வேகத்துச் சத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். நாள் முழுக்க ஓடப்போவது குறைந்த வேகம், அதன் எண்ணைப் பாருங்கோ. 600 சிஎஃப்எம் ஹூட்டை நாங்கள் எடுத்ததற்கு ஒரு காரணம், அதைப் பாதி வேகத்தில் அமைதியாக ஓட்டலாம் என்பது.

ஐந்தாவது, வடி. நுண்வலை வடி எங்கட எண்ணெயில் கெதியாக அடைபடும். தகடுகளை மாறி மாறி அடுக்கியதுபோல இருக்கிற எவர்சில்வர் வடி நல்லது. கழற்றிப் பாத்திரம் கழுவும் மெஷினுக்குள் போடலாம். கழற்றுவது அம்மாவின் கைக்கு எட்டுமா, பாரம் தாங்குமா என்பதைக் கடையிலேயே பார்த்தோம்.

உயரத்தைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். எங்கட இண்டக்‌ஷனுக்கு 24 முதல் 30 அங்குலம். 30 வைத்தோம். ஹூட்டின் விளிம்பு நிலத்திலிருந்து 66 அங்குலத்தில் வருகிறது, இவரின் கண்புருவத்துக்கு நேரே. பின் சட்டியைப் பார்க்க இவர் குனிந்து கும்பிட வேண்டியிருக்கு. அம்மாவுக்கு அது நல்ல விருப்பம்.

வெளியே போனால் உள்ளே வரவேணும்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். குளிர் நாட்டு வீடுகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டவை. நிமிடத்துக்கு 600 கன அடி காற்று வெளியே போனால், அவ்வளவும் எங்காவது வழியால் உள்ளே வந்தாகவேணும். வழி இல்லாவிட்டால் அது புகைபோக்கி வழியாகத் திரும்பி வரும். சுடுதண்ணித் தாங்கி காஸில் எரிந்து, தன் புகையைச் சாதாரணக் குழாயால் மேலே அனுப்புகிற வகையென்றால், அந்தப் புகை வீட்டுக்குள் இழுபடலாம். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றுகிற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, இப்படியான வீடுகளில் 400 சிஎஃப்எம்முக்கு மேற்பட்ட ஹூட்டுக்கு மாற்றுக் காற்றுக்கு வழி கேட்பது இதனால்தான்.

எங்கட தாங்கி அந்த வகைதான். ஹூட் போட்டவுடன் தானே திறக்கிற ஒரு காற்றுவாய், உள்ளே வரும் குளிர்காற்றைச் சூடாக்குகிற ஒரு சின்னக் கருவி இரண்டும் பூட்டினோம். ஹூட்டை முழு வேகத்தில் ஓடவிட்டு, தாங்கியின் புகை சரியாக மேலே போகிறதா என்று ஆளை வைத்துச் சோதித்தோம். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் சட்டப்படியே வேணும். உங்கட பற்றரியை இன்றைக்கு ஒருக்கா பாருங்கோ.

இதோடு இன்னொன்று. கராஜுக்குள் புரொப்பேன் அடுப்பில் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கதவு பாதி திறந்திருந்தாலும் அது ஆபத்து. பெற்றோருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கோ.

காஸா, இண்டக்‌ஷனா

எங்கட வீட்டில் காஸ் இருந்தது. அம்மாவின் வாக்கு காஸுக்கு, இவரின் வாக்கு இண்டக்‌ஷனுக்கு. ஒரு கிழமை கடையில் வாங்கின ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து அம்மாவே சோதித்தா. ஒரு காந்தத்தை எடுத்து வீட்டில் இருக்கிற எல்லாச் சட்டியின் அடியிலும் வைத்துப் பாருங்கோ. காந்தம் பிடித்தால் வேலை செய்யும். எங்கட வார்ப்பிரும்புத் தோசைக்கல்லு பாஸ். அலுமினியப் பிரஷர் குக்கர் பெயில். மண்சட்டி பெயில். ஊரிலிருந்து வந்த இரும்புத் தாச்சியில் காந்தம் நன்றாக ஒட்டியது. ஆனால் அடி உருண்டை. தட்டையான கண்ணாடியில் உருண்டை அடி சரிவராது, ஆடும்.

மற்றப் பக்கத்தில், புட்டுக்குத் தண்ணி கொதிக்கிற வேகத்தைக் கண்டு அம்மாவே வியந்தா. பால் பொங்கி வழிந்தால் துடைத்துவிடலாம். மகள் பக்கத்தில் நின்றாலும் திறந்த நெருப்பு இல்லை. கடைசியில் இண்டக்‌ஷன். தட்டை அடித் தாச்சி ஒன்று வாங்கினோம். மண்சட்டி மீன்குழம்பு கோடை காலத்தில் வெளியே பார்பெக்யூவின் பக்க அடுப்பில். கத்தரிக்காய் சுடுவதும் அப்பளம் சுடுவதும் அவணின் மேற்சூட்டில். சுவாலையில் சுட்ட அதே மணம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

தோசைக்கல்லு பெரிதென்றால் ஒரு கவனம்: கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வளையத்தின் அளவுக்குத்தான் சூடு. பெரிய வளையம் இருக்கிற மொடல் பாருங்கோ, கல்லை மெல்லச் சூடாக்குங்கோ. வீட்டில் இதயமுடுக்கி வைத்த பெரியவர்கள் இருந்தால் வாங்க முன்னம் அவர்களின் வைத்தியரைக் கேளுங்கோ.

இண்டக்‌ஷனுக்கு 240 வோல்ட்டில் தனி வயர் வேணும், பொதுவாக 40 ஆம்பியர், சிலவற்றுக்கு 50. பழைய வீடுகளில் மொத்தமே 100 ஆம்பியர் பெட்டி இருக்கலாம். மின்சாரக் கார் வாங்கும் எண்ணமும் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கோ.

சின்ன மெஷின்களுக்கும் கணக்கு உண்டு. வட அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்பியர் வயர் என்றால் மொத்தம் 1,800 வாட். கேத்தில் 1,500, கிரைண்டர் 750. இரண்டையும் ஒரே வயரில் ஒரே நேரம் போட்டால் விழுந்துவிடும். 20 ஆம்பியர் வயர் 2,400 வரை தாங்கும். கிரைண்டர் நிற்கிற இடத்தையும் கேத்தில் நிற்கிற இடத்தையும் வெவ்வேறு வயரில் போடச் சொன்னோம். ஊரிலிருந்து 230 வோல்ட் கிரைண்டர் காவிக்கொண்டு வர வேண்டாம். 110 வோல்ட்டுக்குச் செய்தவை எங்கட கடைகளிலேயே கிடைக்கின்றன.

இடியப்பம் பிழிகிற உயரம்

இங்கே குசினி மேடை 36 அங்குலம் என்பது எழுதாத சட்டம். அம்மா ஐந்து அடி. இடியப்ப உரலை அந்த உயரத்தில் வைத்து அமத்தினால் பாரம் முழுக்கத் தோளில்தான். அமத்துகிற வேலைக்கு மேடை முழங்கையை விட நன்றாகக் கீழே இருக்கவேணும், அப்போதுதான் உடம்பின் பாரம் உதவும். ஜன்னலோரம் மூன்று அடி நீளத்தை மட்டும் 32 அங்குலத்தில் செய்வித்தோம். பாத்திரம் கழுவும் மெஷின் கிட்டத்தட்ட 34 அங்குலம் உயரம், அது அந்த மேடைக்குக் கீழே போகாது. எனவே மெஷினுக்கு இடத்தை முதலே மற்றப் பக்கத்தில் ஒதுக்கினோம். இப்போது அந்தப் பதிந்த மேடைதான் மகளின் உயரத்துக்கும் சரி.

தொட்டி ஒரே குழியாக 30 அங்குலம். இரட்டைத் தொட்டியில் தாச்சி ஒருநாளும் முழுதாகப் படுக்காது. தகட்டின் கேஜ் எண் குறையக் குறையத் தடிப்பு. 18ஐ விட 16 தடிப்பு, சத்தமும் குறைவு. ஆழம் 9 அங்குலத்துக்கு மேல் போகவில்லை. அதற்கு மேல் என்றால் அம்மா குனியவேணும். மேடைக்குக் குவார்ட்ஸ். அதில் பிசின் கலந்திருக்கு, கொதிக்கிற தாச்சியை நேரே வைத்தால் கறுக்கும். வெள்ளை வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம். மஞ்சள் கறை ஒருநாளில் போகாது. வெயில் பட்டால் மெல்ல மங்கும் என்பது உண்மை, ஆனால் மேடையைக் கழற்றி வெயிலில் காயப்போட முடியாதே.

வேலையின் ஒழுங்கு

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: எது எதில் தங்கியிருக்கிறது என்று முதலில் எழுதிவைப்பது. குசினியில் பலர் அலுமாரிக் கதவின் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். அதில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை. எங்கட ஒழுங்கு இது.

முதலில் அடுப்பு, ஹூட், தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் மெஷின் ஐந்தின் மொடலையும் முடிவு செய்து, ஒவ்வொன்றின் பூட்டும் கையேட்டையும் இறக்கி எடுத்தோம். எவ்வளவு இடம், எங்கே வயர், எங்கே குழாய், எவ்வளவு வெட்டவேணும் என்பது அதில்தான் இருக்கும். அதன் பிறகே அலுமாரி அளவு. பிறகு உடைப்பு, ஹூட் குழாய், வயர், தண்ணிக்குழாய். சுவர் மூட முன்னம் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்தோம். பிறகு ஆணி அடிக்கிற அன்று அது கைகொடுக்கும். அதன் பிறகு சுவர், அலுமாரி, மேடை, ஓடு. கடைசியில் சாமான் பூட்டு.

ஒன்ராறியோவில் ஆள் வைத்து மின்வேலை செய்வதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யவேணும். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துச் செய்யவேணும். முடிவில் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கோ. பழைய காஸ் குழாயை மூடுவதற்கும் அதற்கென்று பதிவு பெற்றவரே வேணும். “எங்கட அண்ணாதானே, பாத்துச் செய்வார்” என்பதில் எனக்கும் விருப்பம்தான். அந்த அண்ணாவுக்கு உரிமம் இருந்தால் இன்னும் விருப்பம்.

காசுக் கணக்கு

பேஸ்மென்டில் இரண்டாவது குசினிக்கு எங்களுக்குச் சொன்ன விலை 24,000 டொலர். தண்ணிக்குழாய்க்குக் கொங்கிறீற் உடைக்கிறதும் அதற்குள் அடக்கம். அதற்கும் ஒரு ஹூட் வேணும், அதன் புகையும் எங்காவது போகவேணும். சில நகரசபைகள் இரண்டாவது குசினியைத் தனி வீட்டு அலகாகப் பார்க்கலாம். அனுமதியை முதலே கேட்கவேண்டும். மேலே ஹூட், 8 அங்குலக் குழாய், சுவர்த் துளை, மாற்றுக் காற்று எல்லாம் சேர்த்து எங்களுக்கு முடிந்தது 5,300 டொலர். இது எங்கட வீட்டு விலை, உங்களுக்கு மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மணம் முழுதாகப் போய்விட்டதா? இல்லை. கருவாடு கருவாடுதான். பொரித்து முடிந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஹூட்டை ஓடவிடவேணும்; அதை மறந்தால் விடிய நடைபாதையில் மெல்லிசாக மணக்கும். ஆனால் ஜக்கெட்டுகள் இப்போது வாசலில் கொழுக்கியிலேயே தொங்குகின்றன.

வைகாசியில் அம்மா முதன்முறை மேல் குசினியில் தூள் வறுத்தா. கொத்தமல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியில் செத்தல் மிளகாய். ஹூட்டை நான் முழு வேகத்தில் போட்டேன். கொத்தமல்லி போட்ட ஒரு நிமிடத்தில் அம்மா, “உதைக் குறை, எனக்கு மணம் தெரியேல்லை” என்றா. மல்லி பதமா என்பதை அவ கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பார்க்கிறா. ஹூட் அந்த மணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது! அதனால் இப்போது ஒரு ஒழுங்கு வந்திருக்கு. மல்லிக்கு ஒன்று, சீரகத்துக்கு இரண்டு, மிளகாய்க்கு மூன்று. பட்டனுக்குப் பொறுப்பு மகள். அவள் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நின்று, தாச்சிக்கு மேலே மூக்கை நீட்டி, “இப்பவா அம்மம்மா?” என்று கேட்பாள். “பொறு, இன்னும் பச்சை மணம் இருக்கு” என்பா அம்மா. எனக்கு முப்பத்தாறு வயது. அந்தப் பச்சை மணம் எப்போது போகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மகளுக்குப் பிடிபடத் தொடங்கியிருக்கு.

நீங்கள் இப்போதைக்கு ஒன்றும் உடைக்க வேண்டாம். இன்று இரவு ஹூட்டைப் போட்டு, ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளை வடிக்குக் கீழே பிடியுங்கோ. தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை இருக்கிறது. பிறகு வெளியே போய், குழாய் வாயின் மூடி திறந்து காற்று வருகிறதா என்று பாருங்கோ. மூடி அசையாவிட்டால், அல்லது வெளியே வாயே இல்லாவிட்டால், பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. முதலில் அதைத் திருத்துங்கோ. இரண்டாவது குசினியைப் பற்றி அதுக்குப் பிறகு யோசிப்பம்.